அழச் சொன்னவள்

12 மார்ச் 1963, செவ்வாய்

பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவின் மகன் அம்மையில் போய்ப் பத்து நாளாகிறது. அழுதால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று மண்ணூரில் ஒருவரும் அவளை அழ விடவில்லை. சோறு தண்ணீரில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று யாருமில்லாத நேரத்தில், "அழுதுடுங்கக்கா" என்றேன். என் மடியில் விழுந்து கதறினாள். பிறகு இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

இன்று அவளுடைய சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல். நெற்றியில் இரண்டு அம்மை முத்து.

வாசல் வேப்பிலைக்கு இப்பால் நின்றேன். அக்கா கத்தவில்லை. "காலேஜ் படிச்ச பொண்ணுன்னு நம்பித்தானே அழுதேன். இப்ப இன்னா சொல்ற?" என்றாள்.

அழுவதால் அம்மை வராது. குழந்தைக்கு முன்பே தொற்றியிருக்கும். இதெல்லாம் தெரிந்தும், திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை பொங்கியது. அந்தக் குழந்தையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.