கரையாத கட்டி

ஜெனிட்டா அப்பா,

நீங்க வேலை முடிஞ்சு வரும்போது நான் பதுளையில பிரைவேட் ஆஸ்பத்திரியில இருப்பேன். நாளைக்குத் தாடையில ஆபரேஷன். சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்டுக் காம்பராவுல குடுத்திருக்கேன்.

சாயங்காலம் சபையார் நன்றி ஜெபத்துக்கு வர்றாங்க. ஞாயித்துக்கிழமை என்னைக் கேக்காமலே எழும்பி, "என் சம்சாரத்துக்குத் தாடையில இருந்த கட்டி கரைஞ்சிருச்சு, ஸ்தோத்திரம்"னு சாட்சி சொன்னீங்களே, அதுக்குத்தான். எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க. நான் வீங்கின கன்னத்தை முக்காட்டால மறைச்சுக்கிட்டு நின்னேன்.

கட்டி கரையல. அம்மா குடுத்த தோடுதான் கரைஞ்சுது, ஆபரேஷன் செலவுக்கு.

எனக்கும் விசுவாசம் இருக்கு. நல்ல டாக்டரைக் காட்டினதுக்கும், விக்கிறதுக்கு ஒரு தோடாவது இருந்ததுக்கும் முழங்கால் போட்டு நன்றி சொல்லிட்டுத்தான் போறேன். டாக்டர் கையாலயும் கர்த்தர் சுகம் குடுப்பாருன்னு நம்ப உங்களுக்குத்தான் வெக்கமா இருக்கு.

வர்றவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க. சீனி பெரிய டின்னுல இருக்கு.

சலோமி

மறந்துட்டேன். ஆபரேஷன் முடிஞ்சதும் கம்பி போட்டு வாயைக் கட்டிருவாங்களாம். பல வாரம் என்னால பேச முடியாது. நான் எங்கேன்னு இன்னைக்கு அவங்க கேப்பாங்க. எழும்பி நின்னு சாட்சி சொல்லத்தான் உங்களுக்கு நல்லா வருமே, சொல்லுங்க.