இரட்டைக் கார்புரேட்டர் வண்டியும் பவானி ஜமுக்காளமும்

அன்போடும், மறைக்க முடியாத கொஞ்சம் வயிற்றெரிச்சலோடும் நான் நினைத்துக்கொண்டே இருக்கும் செங்கோடனுக்கு,

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். என் தங்கை நல்லம்மாளை நீ கட்டிய நாளிலிருந்து ‘வாங்க, போங்க’ என்று மாறிவிட்டோம். இந்தக் கடிதத்தில் மட்டும் பள்ளிக்கூடத்துப் பழக்கப்படி ‘நீ’ என்றே எழுதுகிறேன். மரியாதை போட்டு எழுதினால் உண்மை வெளியே வராது போலிருக்கிறது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. சங்ககிரியில் உன் பட்டறையை உன் மகன் நடத்துகிறான். லாரிக்காரர்கள் பட்டறை வாசலைத் தாண்டும்போது இன்னும் ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அதே சாலையில்தான் ஓய்வு பெற்ற வாத்தியார் நானும் தினமும் நடக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவன். எனக்கும் ஹாரன் அடிக்கிறார்கள், ஒதுங்கச் சொல்லி. செத்த பிறகும் மரியாதை உனக்குத்தானா?

மோட்டாரின் மேல் முதலில் ஆசைப்பட்டவன் நான்தானே, செங்கோடா? தபாலில் இங்கிலீஷ் புத்தகம் வரவழைத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சினின் படத்தை நோட்டில் வரைந்து வரைந்து படித்தேன். நீ ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்து, “மூணாவது வால்வு சரியா உக்காரலீங்க” என்பாய். பிரித்தால் அப்படியே இருக்கும். எனக்கு அந்தக் காது வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா? நானும் ஒரு நாள் யாரும் இல்லாதபோது அந்தக் குச்சியை வைத்துக் கேட்டேன். எனக்குக் குச்சிதான் கேட்டது.

யுத்தம் வருவதற்கு முன்னால் மல்லசமுத்திரத்துச் சின்னப் பண்ணையார் சென்னையிலிருந்து கொண்டுவந்தாரே, இரண்டு பேர் உட்காரும் பந்தய வண்டி, அதைத்தான் இன்று பேச வந்தேன். இன்னும் வேகம் வேண்டும் என்றார் அவர். நீ மட்கார்டுகளைக் கழற்றினாய். பின்பக்கத்துத் தகரத்தை அறுத்து எடையைக் குறைத்தாய். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டினாய். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது ஒருவன் முந்தினால் வகுப்பே குழம்பிவிடும். இரண்டு கார்புரேட்டரும் அப்படித்தான். நீ ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டையும் ஒரே குரலில் பேச வைத்தாய். வண்டி சங்ககிரி ஏற்றத்தில் ஏறிய சத்தத்தைக் கேட்டு என் வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு ஓடியது. பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு மாதம் கழித்து அந்த வண்டிக்குச் சக்தி போய்விட்டது. சமதரையில் ஓடியது. ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், நீ ஓட்டினால் பழையபடி பாய்ந்தது. சின்னப் பண்ணையார் ஓட்டினால் முனகியது.

“என்ற கைக்கு ஓடுதுங்க, உங்க கைக்கு ஓடமாட்டேங்குதுங்க” என்றாய் நீ.

“அப்ப எனக்கு வண்டி ஓட்டத் தெரியலைங்கிறயா?” என்று அவர் கோபித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் சரியாகாவிட்டால் வண்டி கோயம்புத்தூருக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். உன்னால் ஆகாமல் வெளியூர் போன வண்டி என்று ஒரு பேச்சு கிளம்பினால் லாரிக்காரர்களும் உன் பட்டறைக்கு வரமாட்டார்கள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எஞ்சினுக்கு வேண்டியது காற்று, பெட்ரோல், சரியான நேரத்துக்குத் தீ. அடுப்பு மாதிரிதான். விறகு நனைந்தாலும் புகையும், காற்றுப் போகாவிட்டாலும் புகையும். நீ ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பெட்ரோல் வரும் குழாயை ஊதிப் பார்த்தாய். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தாய். கார்புரேட்டர் இரண்டையும் பிரித்து மறுபடி பூட்டினாய். எதிலும் குறை இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சின்னப் பண்ணையார் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த நாளிலிருந்து வண்டிக்குள் செருப்பு ஆகாது என்பதால், எல்லோரையும் போல நானும் செருப்பை வெளியே விட்டுத்தான் ஏறினேன். காலடியில் மெத்தென்று இருந்தது.

“பவானி ஜமுக்காளமுங்க வாத்தியாரே. எஞ்சின் சூடு வெறுங்காலச் சுடுது. அதான் எட்டா மடிச்சுப் போட்டிருக்கறன்” என்றார்.

ஏற்றத்தில் வண்டி திணறியது. “பாருங்க, அடி வரைக்கும் மிதிச்சிருக்கறன்!” என்றார். பார்த்தேன். அவர் மிதித்த ஆக்ஸிலேட்டர் மிதி அடிப்பலகை வரைக்கும் போகவில்லை. பாதியிலேயே ஜமுக்காளத்தில் முட்டி நின்றது.

அந்த மிதியை அமுக்கினால்தான் கார்புரேட்டருக்குள் காற்றுக்கான கதவு திறக்கும். பாதி அமுக்கினால் பாதிக் கதவு. சமதரைக்கு அது போதும், ஏற்றத்துக்குப் போதாது. உன் கைக்கு ஏன் ஓடியது? எண்ணெய்க் காலோடு நல்ல ஜமுக்காளத்தை மிதிக்கக்கூடாது என்று, ஓட்டிப் பார்க்கும் முன்னால் அதை எடுத்து மடித்து ஸ்டூல் மேல் வைத்துவிடுவாயே! வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி விரித்தும் வைப்பாய். உன் மரியாதைதான் உன் கண்ணை மறைத்தது.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நேராக உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சங்ககிரியே கூடிப் பார்க்கும்போது, வாத்தியார் சொல்லித்தான் செங்கோடனுக்குத் தெரிந்தது என்று ஒரே ஒரு தடவை ஆகவேண்டும் என்று ஆசை வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டறைப் பக்கம் வந்து நின்றேன். நீ எஞ்சினின் தலையைத் திறந்து வால்வுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். “ஏனுங்க மச்சான், பொஸ்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?” என்று நிமிராமலே கேட்டாய். “பார்க்கிறேன் மாப்பிள்ளை” என்றேன்.

ஞாயிறு காலையில் லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சின்னப் பண்ணையார் ஒரு தரம் ஏற்றத்துக்குப் போய்த் திரும்பினார். முகத்தைப் பார்த்ததும் வண்டி இன்னும் திணறுகிறது என்று தெரிந்துவிட்டது. நீ கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாய்.

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேனுங்க. ஆகலீங்க. எங்க மச்சான் படிச்சவரு. நீங்க கோயமுத்தூரு போறதுக்கு முன்னால ஒருக்கா அவரக் கேட்டுப் பாருங்க.”

நான் தட்டிப் பறிக்கக் காத்திருந்ததை நீ தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாய். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. வகுப்பில் பாடம் நடத்துவது போல, சின்னப் பண்ணையாரை உட்காரச் சொன்னேன், மிதிக்கச் சொன்னேன், ஜமுக்காளத்தை உருவி எடுத்தேன், மறுபடி மிதிக்கச் சொன்னேன். மிதி இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. அவர் வண்டியைக் கிளப்பினார். ஏற்றத்தில் அது போட்ட சத்தம் பட்டறைக்குக் கேட்டது.

“ஜமுக்காளத்துக்கு வால்வு தேய்ச்ச மொத ஆளு நீங்கதானுங்கண்ணா!” என்று ஒரு டிரைவர் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களை எல்லாம் விடப் பலமாக நீ சிரித்தாய். கரிக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாய். என் வெள்ளைச் சட்டை போயிற்று.

“எப்பங்க மச்சான் கண்டுபுடிச்சீங்க?”

“இப்பத்தான் மாப்பிள்ளை. பார்த்ததும் தோணுச்சு.”

அந்தப் பொய்யை நீ ஊரெல்லாம் கொண்டுபோனாய். பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், “எங்க மச்சான் ஒரே பார்வையில சொல்லிப்போட்டாருங்க” என்று சொல்லிச் சிரித்தாய். எனக்கு ஜமுக்காள வாத்தியார் என்று பெயரே வந்துவிட்டது. ஆனால் நடந்தது என்ன? தன் தோல்வியை இப்படிச் சிரித்துச் சொல்கிற மனுஷனை நம்பி வண்டியை விடலாம் என்று இன்னும் பத்து லாரி உன்னிடம் வந்தது. ஜெயித்தவன் நான், கூட்டம் உனக்கு. என்னால் ஒரு தோல்வியை அப்படிச் சொல்ல முடியுமா? உன் காதை விட அந்த வாயின் மேல்தான் எனக்கு இன்றைக்கும் பொறாமை.

போன வாரம் தாங்க முடியாமல் நல்லம்மாளிடம் சொல்லிவிட்டேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“அந்த ரெண்டு நாளும் அவரு சோறே திங்கலீங்கண்ணா. வட்டல்ல போட்டா பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. பட்டறைய மூட வேண்டியதுதான் புள்ளைன்னாரு. கையெல்லாம் கொப்புளம். நாந்தான் வேப்பெண்ணெ போட்டுவுட்டேன்.”

சிதறிக் கிடந்த கடலைத் தோலை நான் கூட்டி அள்ளினேன். அவளே, “என்றகிட்ட எதுக்குச் சொல்றீங்க? அந்தக் கதை பட்டறையிலதான ஓடுது, அங்க போய்ச் சொல்லுங்க” என்றாள். அடுத்த கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். ஆனால் உன் பட்டறைக்கு வரும் லாரிக்காரர்கள் அச்சடித்ததைப் படிப்பவர்கள் இல்லை. வருகிற ஆயுத பூஜையன்று பட்டறைக்குப் போவேன். பொரி கொடுத்ததும் வழக்கம்போல, “வாத்தியாரே, அந்த ஜமுக்காளக் கதையச் சொல்லுங்க” என்பார்கள். இதுவரை ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கித்தான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வெள்ளிக்கிழமையில் தொடங்கிச் சொல்கிறேன், செங்கோடா. சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்காவிட்டாலும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உன் பெஞ்சுக்காரன்,
நல்லம்மாளின் அண்ணன்,
உன் மச்சான்.