சார்ஜென்ட் ஜிஃபா அகோர்லியின் இடமாற்றம் குறித்து

அனுப்புநர்:
எசினாம் அமெடோவு,
புகைமீன் வியாபாரி,
படகுத்துறைத் தெரு, அவுமேகோபே, கானா.

பெறுநர்:
மண்டலக் காவல்துறைத் தலைவர் அவர்கள்.

பொருள்: சார்ஜென்ட் ஜிஃபா அகோர்லி மீதான குற்றச்சாட்டையும் இடமாற்ற உத்தரவையும் ரத்து செய்யக் கோருதல், மார்ச் 14 கல்வீச்சு பற்றிய உண்மையைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். நான் சொல்லச் சொல்ல எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை இதை எழுதுகிறார். எழுத்து அவருடையது, பொறுப்பு என்னுடையது.

2. சார்ஜென்ட் ஜிஃபா எனக்கு உறவினர் அல்லர். எங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து ஐ.நா. பணிக்காகத் தென்சூடான் சென்று, போரில் வீடிழந்தோர் முகாமில் பதினெட்டு மாதம் பணியாற்றி, சென்ற ஜூலையில் திரும்பினார். போவதற்கு முன் "தள்ளிப் போ" என்பதைத் தவிர அவர் எங்களிடம் எதுவும் பேசியதில்லை. வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மீனுக்குப் புகைபோடும் எங்கள் அடுப்புகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து புகார் கேட்டார். யாரைப் பிடித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் தகவல் சொல்லும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டேன். "அந்த முகாம்ல ஒருத்தனப் புடிச்சா, சேதி தெரியாம அவன் சனம் மொத்தமும் வாசல்ல வந்து நின்னுடும் அக்கா. பயத்துல வர்ற கூட்டத்த லத்தியால கலைக்க முடியாது. அதக் கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

3. மார்ச் 13 அன்று வலைத் தகராறில் என் தம்பி செலோமைக் கைது செய்தனர். சார்ஜென்ட் அப்போது விடுப்பில் இருந்தார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை மலேரியாக் காய்ச்சலில் மயங்கிய அவனைப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றியதை ஒரு பெண் பார்த்திருக்கிறாள். "செத்துட்டான், பொணத்த மறைக்கிறாங்க" என்ற பேச்சு படகுத்துறை முழுக்கப் பரவியது. ஒன்பது மணிக்கெல்லாம் நிலையத்தின் முன் முந்நூறு பேர் கூடிவிட்டோம். முன்வரிசையில் நான் நின்றேன்.

4. ஒரு கல் பறந்து காவலர் லார்பியின் நெற்றியைப் பிளந்தது. ஆய்வாளர் உத்தரவிட, ஆறு துப்பாக்கிகள் எங்களை நோக்கி உயர்ந்தன. பின்னாலிருந்தவர்கள் நெருக்கியதால் எங்களால் விலகவும் முடியவில்லை. அந்த நேரத்தில், விடுப்பிலிருந்து அவசரமாக அழைக்கப்பட்டிருந்த சார்ஜென்ட் தலைக்கவசத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுத் துப்பாக்கிகளுக்கும் எங்களுக்கும் நடுவே வந்தார். "ஜிஃபா, உள்ள வா! வெளிநாட்டுல ஆடுன நாடகத்த இங்க ஆடாத!" என்று ஆய்வாளர் கத்தினார். சார்ஜென்ட் திரும்பிப் பார்க்கவில்லை.

"செலோம் வீட்டாளுங்க யாரு?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "அவர் உயிரோட இருக்காரு அக்கா, ஆஸ்பத்திரியில. உங்களுக்குச் சொல்லாதது எங்க தப்பு. இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு எங்க வண்டியிலயே போய்க் கண்ணால பாருங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இந்தக் கூட்டத்துக்குள்ளயே இருக்கேன்."

"பொய்யா இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்குத்தான் நான் இங்க இருக்கேன்."

5. தம்பிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "அடுப்ப யாருகிட்ட விட்டுட்டு வந்த?" என்று திட்டினான். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். ஐம்பது நிமிடம் கழித்துத் திரும்பியபோது, கவிழ்த்த மீன் தொட்டியொன்றின் மேல் வெயிலில் சார்ஜென்ட் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் கூட்டம் அப்படியே நின்றது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நான் உரக்கச் சொன்ன பிறகுதான் அவர் எழுந்து, "நானும் பயந்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன் அக்கா" என்றார். அதுவரை அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு குண்டுகூட வெடிக்காமல் எல்லோரும் கலைந்தோம்.

6. இதற்காக அவர் மீது உத்தரவை மீறியதாகவும், தலைக்கவசத்தைக் கழற்றியதாகவும் குற்றம் சாட்டி, வேறு ஊர் நிலையத்தின் கோப்பு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். போன செவ்வாயன்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவரைப் பிடித்துச் சென்றனர். அவர் மனைவிக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அரசு சார்ஜென்ட்டை அவ்வளவு தூரம் அனுப்பியதால் கிடைத்த பலனை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அது தங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

7. இனி, இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அந்தக் கல்லை எறிந்தவள் நான். அதற்காகச் சிறையில் இருக்கும் டோட்சே வெறுங்கையோடு என் பக்கத்தில் நின்றவர். காவலர் லார்பி எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. அவர் நெற்றியில் நான்கு தையல். ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா?" என்று இரண்டு முறை கேட்டார். எழுதச் சொன்னேன்.

ஆகவே, சார்ஜென்ட் ஜிஃபாவை எங்கள் நிலையத்துக்கே திருப்பி அனுப்பும்படியும், அவர் ஏற்படுத்திய வழக்கத்தை எல்லா நிலையங்களிலும் கட்டாயமாக்கும்படியும், டோட்சேயை விடுவித்து என் மீது வழக்குப் பதியும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுவை நானே நேரில் கொண்டுவந்திருக்கிறேன். மாற்றுத்துணியும் கையில் இருக்கிறது.

தங்கள் அலுவலக வாசலில் காத்திருக்கும்,
எசினாம் அமெடோவு
(கையொப்பம்)

இடம்: அவுமேகோபே
நாள்: ஏப்ரல் 11