சைக்கிள் கடைக்கு முன்னால் நடந்தது

அன்பானவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். போனில் சொன்னது பொய்யில்லை. என் இடது கையில் போட்ட தையல் காய்ந்து வருகிறது, விரல்களும் மடங்குகின்றன. ஆனால் சொன்னது பாதிதான். உங்கள் குரலைக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது போலப் பேச வந்துவிடுகிறது. கூடத்தில் அண்ணன் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் வந்ததிலிருந்து சமையல் அவன் கையில். அவன் வடிக்கும் சோற்றைக் கொண்டு சுவரே எழுப்பலாம். குறை சொன்னால் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான் என்று நானும் பாப்பாவும் மென்று விழுங்குகிறோம். சமையலறைக் குழாய் ஒழுகுவதை மட்டும் சரிசெய்துவிட்டான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரைக் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக்காரர் மகன் மிரட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குக் கிளம்பிப் போன பிறகு அது முற்றிவிட்டது. அன்று சாயங்காலம் பாப்பாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தோம். அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பாப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டடக்காரர் மகனும் அவனுடைய நண்பன் ஒருவனும் வந்தார்கள். இருவர் கையிலும் கத்தி. கட்டடக்காரர் மகனின் முதல் வெட்டு கடைக்காரரின் தோளில் விழுந்தது. தொட்டித் தண்ணீர் சிவந்தது. அவர் எழ முயன்றபோது இரண்டாவது வெட்டு முழங்கையில்.

நம் ஆய்வுக்காக எத்தனை தெருச்சண்டைக் கேமராப் பதிவுகளை நாம் இருவரும் பார்த்திருப்போம்! நொடி நொடியாக நிறுத்தி, யார் முன்னால் வந்தார், யார் பின்வாங்கினார், யார் கையை நீட்டினார் என்று குறித்திருப்போம். பின்பக்கமாக வந்து, தோளில் கை வைத்து, தணிந்த குரலில் பேசினால் பெரும்பாலும் அடிப்பவன் நின்றுவிடுகிறான் என்று நாமே எழுதியிருக்கிறோம். அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பாப்பாவைப் பழவண்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போய் அவன் தோளைத் தொட்டேன். “தம்பி, போதும், விடுங்க” என்றேன்.

அவன் திரும்பவில்லை. அவனுடைய நண்பன் திரும்பினான். என் முன்னங்கையில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது போலத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் சதை பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆய்வு தப்பில்லை. ஜனங்கள் வந்தார்கள். பழவண்டிக்காரி தராசுத் தட்டை வீசி எறிந்தாள். மருந்துக்கடைக்காரர் ஷட்டர் இழுக்கும் கம்பியோடு ஓடி வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பையைப் போட்டுவிட்டு வந்தார்கள். நாலைந்து பேர் கட்டடக்காரர் மகனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்கள். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

நண்பன் தரையில் சிந்திக் கிடந்த தொட்டித் தண்ணீரில் வழுக்கி என் காலடியில் விழுந்தான். கத்தி அவன் கையை விட்டுத் தெறித்துச் சாக்கடையில் போய் விழுந்தது. நான் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, “அக்கா, வேணாம்க்கா” என்றான். அதையும் கேட்டேன்.

கடை வாசலில் கிடந்த காற்றடிக்கும் பம்பு என் வலது கையில் இருந்தது. இரும்புப் பம்பு. அதன் அடிப்பாகத்தால் அடித்தேன். முதலில் கையில் பட்டது. கை விலகியதும் முகத்தில் அடித்தேன். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நிறுத்தவில்லை. கண்ணில் அடித்தேன். வெறியில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் தெரிந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உள்ளே ஒரு குரல் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கையில் வலி இல்லை, பயம் இல்லை. சந்தோஷம் என்று எழுதக் கை கூசுகிறது, வேறு சொல் கிடைக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர்தான் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். “போதும்மா, விடுங்க” என்றார். நான் விட்டுவிட்டேன்.

சைக்கிள் கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். ஒரு கை இனி முன்போல் வேலைக்கு ஆகாது என்கிறார்கள். அந்தப் பையனுக்குத் தாடையில் தகடு வைத்திருக்கிறார்கள், ஒரு கண் போய்விட்டது. தெருவில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். பேப்பரில் வீரப்பெண் என்று போட்டார்கள். அண்ணன் அதை வெட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து, “உயிரைக் காப்பாத்திக்கத்தானே அடிச்சீங்க? அப்படியே எழுதிக்கறேன்” என்றார். நான் தலையாட்டினேன்.

மருந்துக்கடை வாசல் கேமராவின் பதிவு, எல்லாப் பதிவும் வருவதுபோல நம் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டது. உங்கள் மாணவிதான் முதலில் பார்த்தாள். போனில் அழுதாள். “அக்கா, இது வரவே இல்லன்னு வச்சுக்கலாம். அழிச்சிடட்டுமா?” என்றாள். அழிக்காதே, மற்றதைப் போலவே குறித்துவை என்றேன். பிறகு, “உங்களை எதுல சேர்க்கறது? தடுத்தவங்கள்லயா, அடிச்சவங்கள்லயா?” என்று கேட்டாள். இரண்டிலும் என்றேன்.

அதோடு விட்டிருப்பேனோ என்னவோ. போன வாரம் அந்தப் பையனுடைய அம்மா வந்தார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா சத்தமே போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். “அவன் பண்ணினது தப்புதான். அதுக்கு ஜெயிலுக்குப் போகட்டும். ஆனா கையைத் தூக்கினானாமே, வேணாம்னு சொன்னானாமே. அது உங்களுக்குக் கேக்கலையா?” என்றார்.

“கேட்டுது” என்றேன்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தவர் போல எழுந்து போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். பதிவில் இருப்பதை என் வாயாலேயே சொல்லப் போகிறேன். வழக்கு வரும், வேலை போகலாம், உள்ளே இருக்க வேண்டியும் வரலாம் என்று வக்கீல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “ஊரே உன்னைத் தலையில தூக்கி வச்சிருக்கு, நீயா போய் மாட்டிக்கறியே, பைத்தியமா உனக்கு?” என்று அண்ணன் வீடு அதிரக் கத்தினான். பிறகு மாடிக்குப் போய் அழுதான்.

நீங்கள் பாதியில் திரும்ப வேண்டாம். மேடையில் நம் முடிவுகளைத் தயங்காமல் சொல்லுங்கள். ஜனங்கள் ஓடி வருகிறார்கள், தடுக்கிறார்கள், அது உண்மை. ஆனால் தடுக்க வந்தவர்கள் அதன் பிறகு என்ன செய்கிறார்கள் என்று நாம் பார்க்கவில்லை. சண்டை ஓய்ந்தது என்று எண்ணிப் பதிவை நிறுத்திவிட்டோம். நிறுத்திய இடத்துக்கு அப்புறம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பாப்பா எல்லாவற்றையும் பார்த்தாள். பழவண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் தலைவாரிக்கொள்ள மாமாவிடம்தான் போகிறாள். அவனுக்குப் பின்னத் தெரியாது. ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. அப்படியே போகிறாள். நேற்று அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நீங்கள் வரும் நாளில் நான் வாசலில் இருந்தாலும் சரி, கம்பிக்குப் பின்னால் இருந்தாலும் சரி, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எதையும் விசாரிக்க வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம். அவள் பார்க்கும்படி என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடித்த கையை.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி