கம்பைத் தாண்டாத குதிரை

என் கோபக்காரி கோகிலாவுக்கு, துபாய் லாயத்திலிருந்து வீரமணி எழுதுவது. நான் சுகம், தொப்பையும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காளைகள் என்னைத் தேடுகின்றனவா? நீ தேடமாட்டாய் என்று தெரியும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஷம்ஸா என்ற குதிரைக்குக் கம்பு தாண்டும் போட்டியே கசந்துவிட்டது. கம்பைக் கண்டால் உன்னைப் போல முறைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றேன். அதிலும் தோற்றால் குதிரையை விற்றுவிட்டு என்னையும் அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டம். ஓடி வந்ததும் குறித்த நேரத்துக்குள் குதிரையின் நெஞ்சுத் துடிப்பு அடங்க வேண்டும். நன்றாகத்தான் ஓடியது, துடிப்புதான் அடங்கவில்லை. ஆலைக்குக் கரும்பு இழுத்துக் களைத்த காளையைத் தேற்றுவது போலக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தடவினேன். துடிப்பை அளந்த குதிரை டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கூட வேலை செய்யும் நைனார்பாளையம் பச்சமுத்து சீறினான்: "யோவ், நீ நடுங்கிக்கினு கட்டிப் புடிச்சா அது எப்படிய்யா அடங்கும்? தள்ளிப் போய் நில்லு."

தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். என் நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. கடைசி நேரத்தில் "பாஸ்" என்றார் டாக்டர். குதிரைக்கும் எனக்கும் வேலை இருக்கிறது, பயப்படாதே.

இதைக் கொண்டுவரும் பச்சமுத்து விமானத்துக்குக் கிளம்பி நின்று கத்துகிறான். அவன் திரும்பும்போது சாமை அரிசியும் உன் புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு. ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான், சிரிக்காதே. துவைக்க வேண்டாம். கட்டினதை அப்படியே கொடு.

வீரமணி