கூட்டத்துக்கு வந்த வாப்பா

அன்புள்ள மாமா,

இன்று காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் சைக்கிள் டயரில் காற்றுப் போய்விட்டது. சந்தியில் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். டயர் ஒட்டும் சொலூஷன் மணம் வந்ததும் நீங்களே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த மணத்துக்கு மேல் அத்தரைப் பூசிக்கொண்டுதானே பெற்றோர் கூட்டத்துக்கு வருவீர்கள்! இரண்டும் சேர்ந்து டீச்சருக்குத் தும்மல் வரும்.

அப்போது எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், வாப்பாமார் எல்லாரும் ஆழ்கடல் மீன்பிடியில். உம்மாமார் தறியில், அல்லது என் உம்மாவைப் போல வெளிநாட்டில். ஒரு நாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. உங்கள் சைக்கிள் கடையைப் பூட்டினாலும் கேட்க ஆளில்லாதவர் நீங்கள் ஒருவர்தான். பிள்ளைகுட்டி இல்லாத உங்களை ஒழுங்கையே வாப்பாவாக்கி அனுப்பியது. ஒருமுறை எங்கள் வகுப்பில் மூன்று பேருக்குப் புள்ளி குறைந்துபோனது. முதல் இருவரையும் கூரை அதிர ஏசினீர்கள். என் முறை வந்ததும், "கோவம் முடிஞ்சி போச்சி டீச்சர். இவள ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஏசுறன்" என்றீர்கள்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் புதிய அதிபர் வந்தார். பெற்றோர் வராத பிள்ளைக்கு ஓ.எல். பொதுச் சோதனைக்கான மாலை வகுப்பில் இடமில்லை என்றார். டியூஷனுக்கு வழியில்லாத எனக்கு, அந்த இலவச வகுப்பை விட்டால் கணக்கில் பாஸாக வேறு கதியில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் பின்னால் நின்றேன். அதிபர் உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எத்தின பிள்ளைக்கு வாப்பா?"

"இண்டைக்கு ஏழு, சேர். மீன் படுற காலத்தில கூடும்."

கூட்டம் சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. "பெத்தவங்களுக்கு அக்கறையில்ல. அதாலதான் இந்தப் பள்ளிக்கூடத்தில ரிசல்ட் இல்ல."

உங்கள் முகம் மாறியது. "அக்கறை கடலுக்குள்ள நிக்கிது, சேர். அத இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தா, ராவைக்குப் புள்ளைக்குச் சோறு ஆர் குடுக்கிற?"

அதிபர் மேசையிலிருந்த பெயர்ப் பட்டியலை இழுத்து எடுத்தார். "சரி, ஏழு பேரும் வரட்டும். பாஸாகாட்டி உங்களத்தான் பிடிப்பன்" என்றார்.

அதற்குப் பிறகு எங்களைவிட உங்களுக்குத்தான் சோதனைப் பயம். வாய்ப்பாடு சொல்லாதவருக்குக் காற்றடிப்பதில்லை என்று கடையில் சட்டம் போட்டீர்கள். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுக்கிய, தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் சைக்கிளை உருட்டிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனார். யா அல்லாஹ், அன்று பாங்கே பிந்திவிட்டது!

நான் பாஸானேன். பெரிய புள்ளி ஒன்றுமில்லை, பாஸ். நான் டீச்சரானதைப் பார்க்காமல் கண்ணை மூடி மவுத்தாகிவிட்டீர்களே, மாமா.

இன்று எங்கள் பள்ளிக்கூடத்திலும் பெற்றோர் கூட்டம். ஒரு மாணவிக்குப் பக்கத்துக் கதிரை காலி. கணக்கு டீச்சர் பெருமூச்சு விட்டு, "இதுகள்ட தாய் தகப்பனுக்கு அக்கறையே இல்ல" என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நான் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க டீச்சர். நான்தான் இவட உம்மா."

"அல்லாஹ்வே, உங்களுக்கு இன்னம் கலியாணமே முடியல்லியே!"

"அதப் பொறகு பாப்பம். மகள்ட கணக்கு மார்க்ஸச் சொல்லுங்க" என்றேன்.