வண்டியின் இடது பக்கம்

அண்ணன் பெற்ற செல்வம், என் வக்கீல் மருமகனுக்கு,

அத்தையின் அன்பும் ஆசியும். நானும் உன் மாமாவும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னக்குட்டியும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிடும்போது மறக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னக்குட்டிக்குப் பல் முளைக்கிறது, கிட்டே போனவர்களை எல்லாம் கடிக்கிறாள் என்று அண்ணி சொன்னாள். கடிக்கட்டும். அப்பன் வாயால் பிழைக்கிறான், மகள் பல்லால் பிழைத்துவிட்டுப் போகிறாள்.

அத்தை எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று திகைக்காதே. போனில் சொல்லலாம் என்றால் உன் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் பாதி சொன்னால் மீதியை அவர் சொல்கிறார். அதனால் அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்துச் சமையல் மேடையில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேடை ஈரம் என்று நினைத்துக்கொள். என் படிப்பைச் சந்தேகப்படாதே.

எல்லாம் அந்தக் கார் விஷயம்தான். மாமா உனக்கு எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போட்டேன். பழைய வண்டியைக் கொடுத்து, அதன் விலையைக் கழித்துக்கொண்டு புது வண்டி எடுப்பதாகப் பேச்சு. கம்பெனியிலிருந்து மதிப்புப் போடுகிறவர் வீட்டுக்கு வந்தார். என் வயசிருக்கும், மூக்குக் கண்ணாடி போட்ட சாதுவான மனுஷன். குனிந்து நிமிர்ந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மாஸ்டர் வண்டின்னு சொன்னாங்க, சரியாத்தான் இருக்கு, ஒரு கீறல் இல்ல”ன்னு விலையை எழுதிக் கையெழுத்தும் போட்டார். மாமாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சட்டைப் பொத்தான் நிற்கவில்லை. பின்னே என்ன, டிரைவிங் ஸ்கூலில் இந்த ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இல்லையா?

புது வண்டி வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பழசை நாமே ஓட்டிக்கொண்டிருந்தோம். வந்துவிட்டது என்று போன் வந்ததும் மாமா தனியாகப் போய்ப் பழைய வண்டியை அவர்களிடம் ஒப்படைத்தார். மறுநாளே தகராறு. இடது பக்கம் இரண்டு கதவிலும் நெளிசல், பம்பர் மூலை உடைந்திருக்கிறது, பேசின விலை தர முடியாது என்றார்கள். நல்ல வண்டியை வாங்கி ஷெட்டில் உரசிவிட்டு என் தலையில் கட்டுகிறான், அந்த மதிப்புப் போட்டவன்தான் செய்தான் என்று மாமா குதித்தார். நீயும் நோட்டீஸ் அனுப்புகிறேன், அந்த ஆள் பெயரையும் சேர்த்துவிடுகிறேன் என்று எழுதிவிட்டாய். இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை.

தெரியாததை இனிமேல் சொல்கிறேன்.

போன வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். அப்பப்பா, அது என்ன குளிர்! மார்ச்சுவரி மாதிரி இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, நல்ல காரியத்துக்கு வந்த இடம் என்று விழுங்கிவிட்டேன். சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாய்க்கு வந்துவிடுகிறது. எழுந்திருக்க அந்த வரவேற்புப் பெண்தான் கை கொடுத்தாள். நம் புது வண்டி ஓர் ஓரமாகத் துணி போர்த்திக்கொண்டு நின்றது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

டை கட்டின மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், நீங்க வண்டி கொண்டாந்த அன்னிக்கு எங்க கேட் கேமராவுல பதிஞ்சிருக்கு, நீங்களே பாருங்க சார்”ன்னு கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வண்டியின் பின்னாலிருந்து எடுத்த படம். உன் மாமா ஓட்டிக்கொண்டு உள்ளே போகிறார். கேட்டுக்கு இடது பக்கம் ஒரு தூண், அதன் மேல் ஒரு பூந்தொட்டி. வண்டி அந்தத் தூணை ஒட்டி உரசிக்கொண்டே போகிறது. தொட்டி கீழே விழுந்து உடைகிறது. வண்டி நிற்கவே இல்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

உன் மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, “பாத்தியா, எவ்வளவு நேரா உள்ள போறேன்!”ன்னு சொல்லிவிட்டு, மேனேஜரிடம், “எங்கய்யா இடிக்குது?”ன்னு கேட்டார்.

மேனேஜர் மறுபடியும் போட்டார். மறுபடியும் தொட்டி விழுந்தது. மறுபடியும் இவர், “ஒண்ணுமே இல்லையே, இதையா ஆதாரம்னு வச்சிருக்கீங்க?”ன்னு சிரித்தார். மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. “சார், வயசுல பெரியவரு, கண்ணு முன்னாடி இருக்கறத இல்லேன்னு சொல்றது நல்லா இல்ல சார்”ன்னு சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மாமா எழுந்து கத்த ஆரம்பித்தார். வண்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் அப்புறம் திரையைப் பார்க்கவில்லை சாமி. அவர் காதைப் பார்த்தேன். உன் மாமா பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். சீட்டாடிவிட்டு வந்து கோயிலுக்குப் போனேன் என்று சொன்ன காலத்திலிருந்து நான் அதைப் பார்த்துத்தான் குடித்தனம் பண்ணுகிறேன். அன்றைக்குக் காது சிவக்கவே இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கவனிக்கிறேன். காபி டம்ளரை வலது கைப்பக்கம் வைத்தால் எடுத்துக் குடிக்கிறார். இடது பக்கம் வைத்தால், “காபி கேட்டு எவ்வளவு நேரமாச்சு, காதுல விழலையா?” என்கிறார். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, “இப்பல்லாம் எவன் எழுதறான், ஒரு வரிக்கும் தலையே இல்ல”ன்னு திட்டுகிறார். நானும் பேப்பர்காரனைத்தான் சேர்ந்து திட்டிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நாளாக டிவி பார்க்கும்போது நான் பேசினால் என் பக்கம் திரும்புவதே இல்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் முகம் சலித்துப்போய்விட்டதாக்கும் என்று ரெண்டு நாள் மூக்கைச் சிந்தினேன். இப்போதுதான் புரிகிறது, என் நாற்காலி கிடப்பது அவருக்கு இடது பக்கம்.

கண் சரியாகத் தெரிகிறதா என்று மெல்லக் கேட்டும் பார்த்தேன். மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமல் கடகடவென்று படித்துக் காட்டி, “உன் கண்ணை முதல்ல காட்டு போ” என்கிறார். நேரே இருப்பது அவருக்கு நன்றாகத்தான் தெரிகிறது. இடது பக்கம் தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. மதிப்புப் போட்டுவிட்டுப் போன பிறகு ஒரு காலையில் எழுந்து, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, தரை சாய்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் தைலம் தடவிப் படுக்க வைத்தேன். சாயங்காலம் எழுந்து சாப்பிட்டார், பித்தம்தான் என்று விட்டுவிட்டோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வண்டி கையில் இல்லாததும் கடவுள் செயல்தான் என்று முதலில் நினைத்தேன். தகராறு முடியவே கூடாது, இழுத்துக்கொண்டே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அந்தச் சாமி வேறு யார் வாயிலிருந்தும் கேட்டிருக்காது. நம் தெருமுனையில் பள்ளிக்கூடம் இருக்கிறது தெரியுமே? மணி அடித்ததும் குழந்தைகள் எல்லாம் நம் வீட்டு இடது பக்கத்திலிருந்துதான் ஓடி வரும். இடிபட்டது தூணாகப் போயிற்று.

ஆனால் அந்த வேண்டுதலும் சரியில்லை என்று நேற்றுத் தெரிந்தது. கடைத்தெருவில் அந்த மதிப்புப் போட்டவரைப் பார்த்தேன். முகம் வாடிப்போய் இருந்தார். விவகாரம் தீர்கிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். “உங்க வீட்டுல நான் பாத்தப்ப வண்டி சுத்தமா இருந்துச்சும்மா, இருந்ததத்தான் எழுதினேன். நான் சரியாப் பாக்கலேன்னு கம்பெனி சொல்லுது, நான்தான் இடிச்சேன்னு சார் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் நான்தான் கெடச்சேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சாயங்காலம் கும்பிட உட்கார்ந்தால் சாமி முகத்துக்குப் பதில் அந்த மனுஷன் முகம்தான் வருகிறது.

அதனால் நோட்டீஸ் அனுப்பாதே அப்பா. நீ அனுப்பினால் ஜெயிப்பாயா தோற்பாயா என்று எனக்குத் தெரியாது. கோர்ட்டில் நாலு பேர் நடுவில் அந்தப் படத்தைப் போடுவார்கள். தொட்டி விழும். இவர் எழுந்து, எங்கே இடிக்கிறது என்று கேட்பார். அத்தனை பேரும் அவரைப் பொய்யர் என்று பார்ப்பார்கள், ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. மேனேஜர் எவ்வளவு குறைக்கிறாரோ குறைத்துக்கொள்ளட்டும். அந்த மதிப்புப் போட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று உன் கையால், வக்கீல் பாஷையில் அழுத்தமாக எழுதிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடு. சத்தியமான வார்த்தை, எழுத உனக்குக் கூச்சம் வேண்டாம்.

நீ நேரில் வா. லீவு பார்த்து வருகிறேன் என்று சொல்லாதே, இந்த வாரமே வா. கண் டாக்டரிடம் நான் கூப்பிட்டால் வர மாட்டார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனைச் சீட்டு எப்படியும் வேண்டும், அதைச் சொல்லி நீ கூப்பிடு. அது பொய்யும் இல்லை. நான் இதை எல்லாம் அவரிடம் சொல்லிவிடலாம்தான். புது வண்டி வந்ததும் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிடுகிற தைரியம் எனக்கு உண்டு. மாஸ்டர் என்று ஊர் கூப்பிடுகிற மனுஷனிடம் இனிமேல் நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வர மாட்டேன் என்கிறது. நீ சின்னப் பையனாக அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவன். நீ சொன்னால் தாங்கிக்கொள்வார்.

உள்ளே குறட்டை நின்றுவிட்டது, முடித்துக்கொள்கிறேன். நீ வரும் வழி எல்லாம் தெய்வம் துணை இருக்கட்டும். வந்ததும் எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிடாதே, ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டு சொல்லு, கண்ணு. சொல்கிறவன் முகமாவது அவருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் அத்தை